காய ஆறு மாதம்

முதல் நாளே கறுப்பு ட்யூபைப் பிடுங்கி
மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள் சர்மீதே.
வேண்டுமென்றால் நீலத்தையும் சுட்ட செம்மண்ணையும் குழையுங்கள்,
அதில் வருகிற இருட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும் என்றாள்.
அவளுக்கு இருபத்தாறு.
எனக்கு ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாக
லியெபாயாவின் ஒரே டிராம் தடத்தில்
போகிறேன், வருகிறேன்.
இருட்டைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.
சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்து வேதியியல் அறை. புதன் மாலை ஆறரை.
ஏழு பேர், ஏழு கேன்வாஸ்,
நடுவில் ஓர் எனாமல் குவளை, ஒரு வெங்காயம்,
செய்தித்தாள்மேல் புகையில் வாட்டிய மீன்.

வெள்ளைக் குவளைக்கு வெள்ளையை அப்பினேன்.
பல்செட் மாதிரி இளித்தது.
வெல்தா, பாருங்கள் என்றாள்.
பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?
இல்லை, தெரிந்ததை வரைகிறீர்கள்.
சுருக்கென்றது.
அப்புறம் பார்த்தால்
வெங்காயத்தின் பக்கம் லேசாக ஒரு சிவப்பு,
விளக்கின் பக்கம் மஞ்சள்,
கைப்பிடிக்குள்ளே டிசம்பர் மாதத்து நான்கு மணி.
வெள்ளை எங்கே என்று தேடினேன்.
விளிம்பில், கடுகளவு.
இதற்கா இத்தனை பெரிய ட்யூப்?

முதல் பூச்சு டர்பன்டைன் விட்டு மெலிசாக,
மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும்.
மாற்றிச் செய்தால் மேல்தோல் முந்திக் காய்ந்துவிடும்,
அடி காயாது,
ஒருநாள் வெடிக்கும்.
என் முதல் கல்யாணம் என்றான் குன்டிஸ்.
யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் கூடையில் எறியக் கூடாது.
தீக்குச்சி வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும்.
விரித்துக் காயப் போட வேண்டும்.
இதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

மூன்றாம் வாரம் மீனில் பாதியைக் காணோம்.
பசித்தது என்றான் குன்டிஸ்.
ஏழு பேரும் மீனை வழித்துப் போட்டுவிட்டு
முள்ளை வரைந்தோம்.
கத்தியால் வழித்தால் வந்துவிடுகிறது.
எண்ணெயில் எனக்குப் பிடித்தது அதுதான்,
தப்புக்குத் தவணை தருகிறது.
டிராமில் அப்படியில்லை.
பிரேக் பிடித்த இடத்துக்கும்
வண்டி நின்ற இடத்துக்கும் நடுவில்
இருந்தது இருந்ததுதான்.

ஐந்தாம் வாரம்
குவளைக்குப் பின்னால் சுவர் அலுத்துப்போய்
ஒரு ஜன்னலைத் திறந்தேன்.
கடல்மேல் மழை விட்ட பிறகு வருமே, அந்த வெளிறிய நீலம்,
கொஞ்சம் தடிப்பாகவே வைத்தேன்.
நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.
என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்றைக்குக் கடைசி டிராமில் நான் பயணி.
ஓயார்ஸ் ஓட்டினான். சந்தை வளைவை எப்போதும்போல அவசரமாகத் திருப்பினான்.
சாம்பல்நிறக் கோட்டு ஒன்று என்மேல் சாய்ந்து,
மன்னிக்கவும் என்று நிமிர்ந்து,
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிற்று.
பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.
ஜன்னலில் கையகலத்துக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் இரவு ஒரு மணிவரை நீலம் குழைத்தேன்.
என்னென்னவோ நீலம் வந்தது.
அது வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஓட்டுநர் கண்ணாடியில்
அதே கோட்டு.
இடது முழங்கையில் என் வானம்.
அவருக்குத் தெரியவில்லை, செய்தித்தாள் படிக்கிறார்.
பக்கத்தில் நின்ற சிறுமி பார்த்தாள்,
விரலால் தொட்டாள்,
விரலைப் பார்த்தாள்,
மெதுவாகத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

தடித்த பூச்சு உள்ளே காய ஆறு மாதம் பிடிக்கும்,
அதுவரை வார்னிஷ் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லியிருந்தாள்.
டிசம்பர், ஜனவரி என்று எண்ணிக்கொண்டே
மணியடித்தேன்,
கதவை மூடினேன்.

அடுத்த புதன்
இங்கே என்ன ஆயிற்று என்று கேட்டாள் சர்மீதே,
ஓட்டையைக் காட்டி.
ஊருக்குள் போயிருக்கிறது என்றேன்.

குன்டிஸ் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.